கேம்ப்புக்குள் வந்த ஆறு வோல்ட் கார்

சுடலைக்கண்ணனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அவரே கூட ஒப்புக்கொள்வார். கார் ஒயரிங் வேலையில் கை சுத்தம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கையால் ஒரு தடவை செய்த வேலையை வாயால் பத்து தடவை செய்வார். அந்த வாயால்தான், மகள் இசக்கிசெல்வி பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, கேம்ப் முழுக்கத் தண்டோரா போட்டு வைத்துவிட்டார்: "எம் மக கல்யாணத்துக்கு ஜானவாசக் காரு இந்தச் சந்துக்குள்ள வரும். பாத்துக்கிட்டே இருங்கல."

ஜானவாசக் கார், கேம்ப்பைத் தாண்டி மாட்டுங்கா ஊருக்குள் குடியிருக்கிற கிட்டு சாருடையது. கிட்டு சார் பெரிய கம்பெனி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா விட்டுப்போன கூரையில்லாத பழைய காரை விற்க மனசில்லாமல் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் மாட்டி அதில் உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரக்காரர்கள் நடக்க, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கூட்டிவருவார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முதலில் அந்தக் கார் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் முகூர்த்தமே குறித்தார்கள்.

காரில் ஒரு குறை. அது ஆறு வோல்ட் கார். இப்போது ஓடுகிற கார்களுக்கெல்லாம் பன்னிரண்டு. நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் கார் ஊர்ந்தால் டைனமோ சார்ஜ் கொடுக்காது. ஹெட்லைட், ஹாரன், பூமாலைக்கு நடுவே சுற்றின சின்ன பல்புகள் எல்லாம் சேர்ந்து ஒற்றை பேட்டரியை உறிஞ்சிவிடும். எஞ்சின் அணைந்துவிட்டால் அப்புறம் ஸ்டார்ட்டர் முனகுமே தவிர சுற்றாது. இரண்டு கல்யாணங்களில் மாப்பிள்ளையை நடுரோட்டில் வைத்துக்கொண்டு கார் நின்றுவிட்டது. பெண்வீட்டார் முகம் கறுத்து, சகுனம் அது இதென்று பேச்சாகி, கிட்டு சார் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில்தான் யாரோ சொல்லி சுடலைக்கண்ணனைக் கூப்பிட்டார்கள்.

அவர் செய்தது இதுதான். முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்தில், ஒரு மரப்பெட்டி அடித்து ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டை அதில் இறக்கினார். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று பக்கவாட்டில் சேர்த்தால் வோல்ட் ஆறுதான், ஆனால் இரண்டு மடங்கு நேரம் தாங்கும். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு வரிசையாகக் கோத்தால் பன்னிரண்டு. ஸ்டார்ட்டர் தொட்டதும் சுற்றும். ஒரு கைப்பிடி வைத்தார். இந்தப் பக்கம் தள்ளினால் பன்னிரண்டு, அந்தப் பக்கம் தள்ளினால் ஆறு. கிளப்பும்போது மட்டும் பன்னிரண்டு, கிளம்பினதும் ஆறு. அதற்கப்புறம் மாட்டுங்காவில் எந்த மாப்பிள்ளையும் நடுவழியில் நிற்கவில்லை.

கிட்டு சாருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. "உனக்கு என்ன வேணும், கேளு சுடலை" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். எம் மக கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் இந்த வண்டியக் குடுங்க, போதும்."

"இதென்ன பெரிய விஷயம்! நம்ம வண்டிடா. வந்து எடுத்துண்டு போ."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுடலைக்கண்ணன் வருஷக்கணக்காக அந்தக் காரைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். மழைக்காலத்தில் கூப்பிடாமலே போய் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். பானுமதி, அவர் பெண்டாட்டி, "அந்தக் காருக்குக் காட்டுத அக்கறைய வீட்டு ஃபேனுக்குக் காட்டினா புண்ணியமாப் போவும்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

இசக்கிசெல்விக்கு செம்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாரிக்கண்ணன் என்று பெயர். அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஒன்றை ஒப்பந்தக்காரரிடம் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். அம்மா முப்பிடாதியம்மாளுக்கு ஒரே பிள்ளை. சுனாபட்டியில் மண்டபம் பேசினார்கள். லேபர் கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு: தாலி கட்டின கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் நேரே கேம்ப் அம்மன் கோயிலுக்கு வந்து கும்பிட்டு, பெண் வீட்டில் பால்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். சுனாபட்டியிலிருந்து கேம்ப்புக்கு அவர்களை ஜானவாசக் காரில் கொண்டுவருவது என்று சுடலைக்கண்ணன் முடிவு பண்ணிவிட்டார்.

"அந்தக் கூரையில்லாத வண்டி எதுக்கு? ஏசி போட்ட இன்னோவாவச் சொல்லுங்க. பிள்ள வேர்த்து வடிவா" என்றாள் பானுமதி.

"அப்பா, ஜானே தோ, விடுங்க. ஓலா போட்டா வந்துரும்" என்றாள் இசக்கிசெல்வி. அந்தேரி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண் அவள். அவளுக்கு அந்தக் காரில் ஒரு ஆசையும் இருந்ததில்லை. ஆசை முழுக்க அப்பாவுடையது, அதை மகளுடைய ஆசை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நெருங்கின சமயத்தில் சுடலைக்கண்ணன் மாட்டுங்காவுக்குப் போனார். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கிட்டு சார் கையில் காபியோடு வந்து நின்றார்.

"சுடலை, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கப்படாது."

"சொல்லுங்க சார்."

"வண்டியைத் தாராளமா எடுத்துண்டு போ. நம்ம டிரைவர் இஜாஸே ஓட்டிண்டு வருவான். ஆனா கேம்ப்புக்குள்ளே வேண்டாம். மெயின் ரோட்டுலயே நிறுத்திடட்டும். அங்கேர்ந்து அவா ரெண்டு பேரும் நடந்து போயிடலாம், ரெண்டு எட்டுதானே."

"உள்ள ரோடு நல்ல அகலம் சார். தண்ணி லாரியே வந்து போவுது."

கிட்டு சார் கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். "ரோடு இல்லப்பா. ஜானவாசத்துக்கு புக் பண்றவா எல்லாம் ஒரு மாதிரி. வண்டி எங்கெங்க போயிட்டு வர்றதுன்னு பார்க்கறவா இருக்கா. கேம்ப்புக்குள்ளே போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் வேண்டாம்பான். எனக்கு அதெல்லாம் கிடையாது, உனக்கே தெரியும். பிசினஸ், அவ்வளவுதான்."

எவ்வளவு நயமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள். கத்தியிருந்தால்கூடத் திருப்பிக் கத்தியிருக்கலாம். சுடலைக்கண்ணன் தொட்டு அடித்த பெட்டியும் கோத்த ஒயரும் அந்தக் காருக்கு ஆகும். அவர் கை பட்ட வண்டியில் எந்த வீட்டு மாப்பிள்ளையும் கூசாமல் ஏறுவான். ஆனால் அந்தக் கை குடியிருக்கிற சந்துக்குள் வண்டியின் சக்கரம் படக்கூடாது.

அப்போதே உப்புத்தாளைக் கீழே போட்டு, "உங்க வண்டிய நீங்களே வச்சுக்கிடுங்க சார்" என்று எழுந்து வந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். மகள் ஏசி காரில் ஜம்மென்று வந்து இறங்கியிருப்பாள். சுடலைக்கண்ணன் எழவில்லை. "சரி சார்" என்றார். கேம்ப்பில் இத்தனை வருஷமாக அடித்த தண்டோரா அவர் காலைக் கட்டிப்போட்டது. கார் வரவில்லை என்றால் சிரிப்பார்கள். வந்து ரோட்டிலேயே நின்றால் ஏன் என்று கேட்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரே பார்க்க இறங்கி நடந்து வருவதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. பானுமதியிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை.

இஜாஸிடம் கெஞ்சிப் பார்க்கலாம். இஜாஸ் நல்லவன், காயல்பட்டினத்துக்காரன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். ஆனால் முதலாளி சொல்லை மீறி உள்ளே ஓட்டினால் அவன் வேலை போய்விடும். அது பாவம். யோசித்து யோசித்து சுடலைக்கண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடுகிற வண்டியை நிறுத்தத்தானே சொன்னார்கள்? ஓடாமல் நின்றுபோன வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் யார் மேல் குற்றம்?

நின்றுபோன காருக்கு மாட்டுங்காவில் கெட்ட சகுனம் என்று பெயர் கிடைத்ததை அறிந்த மனிதர்தான். அறிந்தும் அந்த யோசனை அவருக்குத் தித்தித்தது. கோபம் தலைக்கேறினால் மனிதனுக்கு எதிரில் இருப்பவன் மட்டும்தான் கண்ணில் படுவான், பின்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மறந்துபோகும்.

கல்யாணத்தன்று எல்லாம் நன்றாகவே நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மண்டப வாசலில் மல்லிகையும் ரோஜாவும் சுற்றின ஜானவாசக் கார் வந்து நின்றது. முப்பிடாதியம்மாள் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் ஏறினார்கள். சுடலைக்கண்ணன் முன்சீட்டில், பேட்டரிப் பெட்டிக்கு மேலே காலைப் பரப்பி உட்கார்ந்தார். பெட்டியின் பலகையை முன்னாலேயே எடுத்துவிட்டு, மேலே தன் துண்டைப் போட்டு மூடியிருந்தார். பேட்டரிகளை வண்டியோடு இணைக்கிற எர்த் ஒயரின் நட்டையும் லூஸாக்கியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் பின்னால் வந்தார்கள்.

சயான் தாண்டி கேம்ப் முனைக்கு வந்தாயிற்று. மேளக்காரர்கள் காத்திருந்தார்கள், வெடிக்காரன் சரத்தை விரித்து வைத்திருந்தான், சந்து நிறையத் தலைகள். இஜாஸ் வண்டியை மெதுவாக்கி, ஓரங்கட்டப் பார்த்தபடி தாழ்ந்த குரலில், "அண்ணே, சார் சொல்லியிருப்பாரே..." என்றான்.

"சொன்னாரு, சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே சுடலைக்கண்ணன் துண்டை எடுப்பதுபோல் குனிந்தார். எர்த் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. எஞ்சின் மூச்சை விட்டுவிட்டது.

இஜாஸ் பதறிப்போய் ஸ்டார்ட்டரை அமுக்கினான். சத்தமே இல்லை. கைப்பிடியைப் பன்னிரண்டுக்குத் தள்ளி அமுக்கினான். ஒன்றும் இல்லை. "என்னண்ணே இது, இப்படி ஆனதே இல்லையே!"

"பேட்டரி போச்சுடே" என்றார் சுடலைக்கண்ணன். ஒரே நிமிஷத்தில் மாட்டிவிடக்கூடிய ஒயரைக் காலடியில் மிதித்துக்கொண்டு, எழுந்து நின்று சந்தைப் பார்த்துக் கத்தினார். "ஏல, என்ன வேடிக்க பாக்கிய? வந்து தள்ளுங்கல!"

கேம்ப் பையன்கள் ஓடிவந்தார்கள். மேளம் கொட்டியது, வெடி வெடித்தது, கார் பூக்குலுங்க உள்ளே உருண்டது. இஜாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "யா அல்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். எந்தச் சந்துக்குள் சக்கரம் படக்கூடாதோ அந்தச் சந்தின் ஒவ்வொரு வாசலையும் தொட்டுக்கொண்டு கார் அம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்சீட்டில் நின்றபடி இரண்டு கையும் தூக்கிக் கும்பிட்டு வந்த சுடலைக்கண்ணனுக்கு, பிறந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கோயில் வாசலில் இறங்கின பிறகுதான் முப்பிடாதியம்மாளின் முகத்தைப் பார்த்தார். அவள் வேனிலிருந்து இறங்கி ஒரு ஓரமாக நின்றிருந்தாள்.

"தாலி ஏறி முத பயணம். அதுவே நின்னு போச்சே. தள்ளிக்கிட்டுல்லா கொண்டாந்திருக்காவ" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். மெதுவாகச் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவன். அவன் சகுனம் பேசவில்லை. "மாமா, கெளம்புததுக்கு முன்னாடி கண்டிஷன் பாத்திருக்கலாம்லா?" என்றான். சுடலைக்கண்ணன் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாயில் வார்த்தை வரவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் செம்பூருக்கு அனுப்ப பானுமதி ஒரு ஓலாவைக் கூப்பிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு சுடலைக்கண்ணன் யாரும் பார்க்காமல் ஒயரை மாட்டி, காரை இஜாஸிடம் கொடுத்தனுப்பினார்.

கேம்ப்பில் நாலு நாள் சிரித்தார்கள். பம்பாய் முழுக்க வண்டி ஒயரிங் பண்ணுகிறவர் தன் மகள் வண்டிக்குப் பண்ணத் தெரியாமல் தள்ளிக்கொண்டு வந்தார் என்று, டீக்கடையில் அவர் காதுபடவே பேசினார்கள். சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று பார்த்தால், சிலபேர் தங்கள் வண்டிகளை வேறு கடைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். நான் வேண்டுமென்றே நிறுத்தினேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல, கிட்டு சார் சொன்னதை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு நாக்கு வரவில்லை.

கிட்டு சார் போனில் கூப்பிட்டார். கோபமே இல்லை. "பரவால்ல சுடலை. எல்லாருக்கும் வயசாறது. நீயும் எத்தனைன்னு பார்ப்பே? காரை இனிமே செம்பூர்ல ஒரு பையன் பார்த்துக்கட்டும். ஆறு வோல்ட்டே வேண்டாம், முழுசா பன்னெண்டுக்கு மாத்திடலாங்கறான்." வைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் இஜாஸ் ஒயரிங் கடைப்பக்கம் வந்தான். காரைப் பற்றிக் கேட்டதற்கு ஓடுகிறது என்றான். அப்புறம், "சீட்டு உறையெல்லாம் உரிச்சு எறிஞ்சுட்டு புதுசு போடச் சொல்லிட்டாரு அண்ணே. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாளே" என்றான். சுடலைக்கண்ணன் டீயை அவன் பக்கம் நகர்த்தினார்.

இதையெல்லாம் கூடத் தாங்கியிருப்பார். தாங்க முடியாமல் போனது செம்பூரிலிருந்து வந்த சேதிதான். அணுசக்தி நகர் பஸ் ஒப்பந்தம் வேறொரு ஆளுக்குப் போய், மாரிக்கண்ணனுக்கு வேலை இல்லாமல் ஆயிற்று. ஒப்பந்தம் கை மாறுவது ஊரில் நடக்கிறதுதான். ஆனால் முப்பிடாதியம்மாளுக்குக் காரணம் தயாராக இருந்தது: முதல் பயணத்திலேயே வண்டி நின்றது. பால் திரிந்தாலும் காரணம் அதுவே, குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதுவே. 'தள்ளிக்கிட்டு வந்தவ' என்று மருமகளுக்குப் பெயரே வைத்துவிட்டாளாம். இசக்கிசெல்வி சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பானுமதியிடம் சொன்னாள். அன்றிரவு பானுமதி அழுதாள், "அந்தச் சனியன் புடிச்ச காரு வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே" என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சுடலைக்கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு செம்பூருக்குக் கிளம்பினார். உண்மையைச் சொல்லிவிடுவது. சம்பந்தி காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது. சகுனமுமில்லை, ஒன்றுமில்லை, நான்தான் ஒயரைப் பிடுங்கினேன், என் மகளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளை வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழே காம்பவுண்டிலேயே இசக்கிசெல்வி காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். இளைத்திருந்தாள். சொல்லாமல் வந்து நிற்கிற அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"இல்ல தாயி. உங்க அத்தைகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு வண்டி தானா நிக்கல. நான்தான்..."

"தெரியும்."

"எப்படித் தாயி?"

"பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். துண்ட எடுக்கக் குனிஞ்சீங்க, துண்டு வரல. வண்டி நின்னுச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே..."

"உங்க மூஞ்சியப் பாத்தேன். அவ்வளவு சந்தோஷமா உங்கள நான் பாத்ததே இல்ல. சோடோ, போவட்டும்னு விட்டுட்டேன்."

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கிட்டு சார் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னது, மெயின் ரோட்டில் இறக்கி நடக்கவிடச் சொன்னது, அதைக் கேட்டு இவர் 'சரி சார்' என்றது. "உன்னய ரோட்டுல எறக்கி விடச் சொன்னான் தாயி. அதான் எனக்கு ஆறல. இப்பயே மேல போயி அத்தைகிட்ட சொல்லிருதேன். அவங்க என்னய என்ன வேணாலும் பேசட்டும்."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமா? பெத்த அப்பனே மக போற வண்டிய நிறுத்தினாருன்னு ஆவும். இப்பயாவது சகுனத்து மேல பழியப் போட்டுட்டு என்னைய ரெண்டு வார்த்த பேசுதாவ. அது தெரிஞ்சா உங்க வாசப்படிய மிதிக்க விடமாட்டாவ. வேண்டாம்ப்பா. இத நான் பாத்துக்கிடுவேன்."

சுடலைக்கண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"ஒண்ணு கேக்கேன்" என்றாள். "அவரு அப்படிச் சொன்னத வீட்டுல வந்து ஏன் சொல்லல?"

"அவமானமா இருந்துச்சு."

"யாருக்கு?"

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை.

"நான் எறங்கி நடந்திருப்பேன்ப்பா. பொறந்ததுலேருந்து அந்தச் சந்துல நடந்துதானே வளந்தேன். எங்க தெருவுல நடக்க எனக்கு என்ன அவமானம்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "வீட்டுக்குப் போங்க. அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

மாடி ஜன்னலிலிருந்து முப்பிடாதியம்மாளின் குரல் கேட்டது. "யாருட்டி அது கீழ? யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டிருக்க?"

சுடலைக்கண்ணன் சுவரோரமாக ஒதுங்கினார். இசக்கிசெல்வி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருமில்ல அத்தை" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள்.